சும்மா வயல்

வலது பக்கம் பாருங்கள் சார், சீக்கிரம். ஒரு டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி நீலப் பலகை, அதற்குப் பின்னால்... போய்விட்டது. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை. இந்த டிரைவர் மற்ற இடத்திலெல்லாம் ஊர்வான், அந்த வளைவில் மட்டும் பறப்பான்.

அது என் வயல். மூன்று மா. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒன்று. நாலு பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்களே, அதையாவது பார்த்தீர்களா? சேலைக்கு மேல் பச்சைக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டையோடு ஒருத்தி, ரோட்டோர வரப்பை ஒட்டி? அதுவும் இல்லையா. சரி. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளைப் பற்றி என்றால், எனக்கு நடந்ததைப் பற்றி.

திருவாரூர் வரைக்கும்தானே? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறேன். பதினொரு மணிக்குள் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. அதைக் கடைசியில் காட்டுகிறேன். முதலில் விஷயம் தெரியாமல் தாளைப் பார்த்தால் நீங்களும் அவர்கள் பக்கம் பேசுவீர்கள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் அந்த நிலையத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். பெனிட்டா என்று ஒரு மேடம், கன்னியாகுமரிப் பக்கம், முப்பது வயசுகூட இருக்காது, டாக்டர் பட்டம் வாங்கியவர். கூட ரெண்டு பையன்கள், ஒரு தராசு. சமுதாயக்கூடத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"வருஷா வருஷம் யூரியாவைக் கூட்டிக்கிட்டே போறீங்க, விளைச்சல் நின்ன இடத்துலயே நிக்குது. மண்ணும் இறுகுது, பூச்சியும் கூடுது. எவ்வளவு குறைக்கலாம்னு நாங்க வந்து சொல்லப்போறதில்ல. நீங்களும் நாங்களும் சேர்ந்து கண்டுபிடிக்கணும்."

சேர்ந்து. அந்த வார்த்தை எங்களுக்குப் பிடித்துப்போனது. அதுவரைக்கும் வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனவர்கள். சேர்ந்து என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்தோம். அதில் ஒரே பெண் செந்தாமரை. புருஷன் இல்லை, ரெண்டு பெண் பிள்ளைகள், மன்னார்குடிக்காரர் ஒருவரின் நாலு மாவைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தாள். பத்தாவது வரைக்கும் படித்தவள் என்பதால் குழுவின் நோட்டு அவள் கையில். யார் என்றைக்கு நட்டார்கள், என்றைக்குத் தண்ணீர் வைத்தார்கள், எல்லாம் எழுதுவாள். நான் தும்மினால்கூட எழுதுவாள் என்று கேலி செய்வேன்.

பரிசோதனைக்கு நிலம் யார் கொடுப்பது என்று கேட்டார்கள். பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செந்தாமரை, "குத்தகை நிலம், நான் குடுக்க முடியாதுண்ணே" என்றாள். நான்தான் எழுந்து நின்றேன். அதை யாரும் இப்போது சொல்வதில்லை. வைரக்கண்ணு எழுந்து நின்றான் என்று ஒருத்தர் வாயிலிருந்து வரட்டுமே பார்ப்போம்.

மேடம் கேட்டது என்னுடைய வாய்க்கால் ஓரத்து நிலத்தை. "ரோட்டோரம் வேணாம் ஐயா, ஆடு மாடு மேயும், தூசி விழும்." நான் முடியாது என்றுவிட்டேன். பலகையை வாய்க்கால் ஓரத்தில் நட்டால் கொக்குக்கும் நாரைக்கும்தான் தெரியும். ரோட்டில் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு பஸ் போகிறது. 'ஒத்துழைப்பு விவசாயி: கோ. வைரக்கண்ணு' என்று வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். நல்ல எழுத்து. இப்போது வெளிறிவிட்டது.

மூன்று மாவுக்கும் நடுவே உயரமாக வரப்பு போட்டார்கள், ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகாதபடிக்கு. ஒரு மாவில் நான் வழக்கமாகப் போடும் யூரியா. ஒரு மாவில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடியை விதைத்து மடக்கி உழுது, பாதி யூரியா. மூன்றாவதில் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லேன்னா?"

"ஒரு பிடிகூட இல்ல ஐயா. மண்ணு தன் கையில இருக்கிறத மட்டும் குடுத்தா எவ்வளவு விளையும்னு அந்த வயல்தான் சொல்லணும். மத்த ரெண்டையும் அதை வச்சுத்தான் அளக்க முடியும். சொல்லப்போனா மூணுலயும் அதுதான் முக்கியம்."

அதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், கட்டுப்பாட்டு வயல் என்று. நாங்கள் சும்மா வயல் என்றோம். முக்கியமானதைச் சும்மா விடுவது என்ன படிப்போ.

எது எங்கே வருவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள் சார். நிலத்துக்குச் சீட்டு! செந்தாமரைதான் எடுத்தாள். ரோட்டோர மாவுக்குச் சும்மா வயல் விழுந்தது.

"மேடம், இதைப் பின்னால தள்ளிட்டு, பூண்டு வயலை முன்னால கொண்டாந்துருவோம். சீட்டுதானே."

"மாத்தக்கூடாது ஐயா. மாத்தினா நமக்குப் பிடிச்ச இடத்துல பிடிச்சதை வச்ச மாதிரி ஆயிடும்."

அதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பிடித்த இடத்தில் பிடித்ததை வைக்கத்தானே மனுஷன் நிலம் வாங்குகிறான்?

நட்டு இருபத்தைந்தாம் நாள் சும்மா வயல் வெளுக்க ஆரம்பித்தது. பின்னால் ரெண்டும் கரும்பச்சை. முன்னால் இது மட்டும் மஞ்சள். அதற்கு முன்னால் என் பெயர் எழுதின பலகை. நாற்பது வருஷமாக விவசாயம் செய்கிறேன், என் வயல் மஞ்சளாகி ஊர் பார்த்ததில்லை. இதே பஸ், அப்போது வேறே கண்டக்டர். படியில் தொங்கிக்கொண்டே கத்தினான்: "மாமா, வயலுக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லி குடுத்துப் பாருங்க!" பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் வரப்பில் மண்வெட்டியோடு நிற்கிறேன்.

வீட்டில் சொன்னால் என் சம்சாரம், "ஆராய்ச்சின்னு ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தீங்க" என்றாள். ஒத்துக்கொண்டது வாய். கண்ணு ஒத்துக்கொள்ள வேண்டாமா?

அந்த வாரம் என் பெண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் இந்த பஸ்ஸில்தான் வருவார்கள். சம்பந்தி பத்து ஏக்கர்க்காரர். வயலைப் பார்த்துத்தான் பெண் எடுத்தார், ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தார். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிறார், இந்த மஞ்சளைப் பார்க்கிறார், பக்கத்திலேயே என் பெயரைப் படிக்கிறார். யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடக் கரையேறின நேரம், ஒரு வாளி. ஒரே ஒரு வாளி யூரியா. விசிறிவிட்டு வந்துவிட்டேன். பிறகு பயிர் சூல் கட்டும்போது ஒரு வாளி. அந்த நேரத்தில் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. கதிர் எட்டிப் பார்க்கும்போது ஒரு வாளி. அவ்வளவுதான். வழக்கமாக ஒரு மாவுக்கு நான் போடுவது நாலு வாளி. இங்கே மொத்தமே மூன்று. குறைத்துத்தானே போட்டிருக்கிறேன்? குறைக்க வேண்டும் என்றுதானே அவர்களும் வந்தார்கள்?

வளைகாப்புக்கு வந்த சம்பந்தி வயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாராம். ஆனால் விழித்திருந்தால் பச்சையாகத்தான் பார்த்திருப்பார்.

மேடம் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். சேற்றில் இறங்கி, ஸ்கேல் வைத்து உயரம் அளந்து, தூர் எண்ணி எழுதுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை சும்மா வயலில் இறங்கினவர் ஏறவே இல்லை. "ஐயா, இது தானாத் தெளியுது!" என்றார். போட்டோ எடுத்தார். யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் பேசினார். செந்தாமரையைக் கூப்பிட்டு, "எழுதுங்கக்கா, இருபத்தஞ்சாம் நாள் வெளுத்துச்சு, முப்பத்தஞ்சாம் நாள் தானாத் தெளிஞ்சுச்சுன்னு எழுதுங்க" என்றார். அவள் எழுதினாள். ரெண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் அறுத்தோம். தனித்தனியாக அடித்து, தனித்தனியாக நிறுத்தார்கள். என் வழக்கத்துக்குப் பதினோரு மூட்டை. பூண்டு வயலுக்கும் பதினொன்று. சும்மா வயலுக்குப் பத்து. மேடம் தராசைத் தட்டிப் பார்த்தார். திரும்ப நிறுக்கச் சொன்னார். பத்துதான். ஆறு மூட்டை வந்தால் அதிகம் என்று அவர் நினைத்திருந்தாராம்.

பத்து நாள் கழித்துத் தனியாக வந்தார். களத்தில் நானும் செந்தாமரையும் குழுவில் நாலைந்து பேரும் இருந்தோம்.

"ஐயா, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக்கூடாது. மண்ணைப் பரிசோதிச்சா தழைச்சத்து கொஞ்சம்தான் இருக்கு. நெல்லைப் பரிசோதிச்சா நிறைய இருக்கு. எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியல. அந்த வயல்ல ஏதாவது போட்டீங்களா?"

தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சார். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நாலு பேர் முன்னால், களவு போன வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டால் என்ன சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் செந்தாமரை முந்திக்கொண்டாள்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? வைரக்கண்ணு அண்ணன் போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிருவாரு. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல."

அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல முடியும்? அவளைப் பொய்யாக்குவதா?

"ஒண்ணும் போடல" என்றேன்.

மேடம், "மன்னிச்சுக்கங்க ஐயா, கேக்க வேண்டியது என் கடமை" என்றார். மன்னித்துவிட்டேன்.

அடுத்த சம்பாவுக்குத் தாள் அடித்துக் கொடுத்தார்கள். உங்கள் ஊர் மண்ணில் சத்து ஏற்கனவே இருக்கிறது, தக்கைப்பூண்டு போட்டு, வழக்கமான யூரியாவில் கால் பங்கு போட்டால் போதும் என்று. குழுவில் பதினோரு பேர் தாளை வாங்கி மடித்து வைத்தோம். யாரும் முழுசாக நம்பவில்லை. பாதி போட்டவன் உண்டு, முக்கால் போட்டவன் உண்டு, கேட்டால் கால் என்று நோட்டில் எழுதச் சொல்வான். நான் என்ன போட்டேன் என்று கேட்கிறீர்களா? என் வயலைப் பற்றி எனக்குத் தெரியாதா சார்.

செந்தாமரை மட்டும் தாளில் இருந்தபடி போட்டாள். ஒரு பிடி கூட்டவில்லை, ஒரு பிடி குறைக்கவில்லை. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம், பூண்டும் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் அதை யாரும் சொல்வதில்லை.

கார்த்திகையில் அவள் பயிர் வெளுத்தது. மேடத்துக்குப் போன் செய்திருக்கிறாள். மேடம் பழைய நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்கக்கா, போன வருஷம் சும்மா வயலும் இதே நாள்ல வெளுத்துத் தானாத் தெளிஞ்சுது, பத்து நாள் பொறுங்க" என்றாராம். நோட்டில் அப்படித்தான் இருந்தது. அவள் கையெழுத்துதான்.

ஏழாம் நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க சும்மா வயல் இதைவிட மஞ்சளா இருந்துச்சா, கம்மியா இருந்துச்சா? ஞாபகம் இருக்கா?"

"இருந்துச்சு, இப்படித்தான்."

"தானாத் தெளிஞ்சுச்சுல்ல?"

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவங்க."

இதில் பொய் ஒரு வார்த்தை உண்டா? படித்தவர்தானே அவர்? ரெண்டு வாளி யூரியா எடுத்துக்கொண்டு போ என்றுகூடச் சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் எழுதுவாள்.

பத்து நாள் பொறுத்து, இன்னும் அஞ்சு நாள் பொறுத்து, பிறகு போட்டாள். அதற்குள் பருவம் போய்விட்டது. மாவுக்கு ஏழு மூட்டை. குத்தகை நெல்லை அளந்து கொடுத்துவிட்டுக் களத்தைக் கூட்டினாள், மிஞ்சியது அவ்வளவுதான். மன்னார்குடிக்காரர் நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "நல்லா விளையிற நிலத்துல ஏழு மூட்டை எடுக்கிற ஆளுக்கு எதை நம்பிக் குடுக்கிறது?" என்றாராம். ஒன்பது வருஷம் அவள் உழுத நிலம். பெரிய பெண் நர்சிங் சேரப் பணம் கட்ட இருந்தாள். அது நின்றுபோனது.

ஊர் கொதித்தது. சமுதாயக்கூடத்தில் கூட்டம். நான் முதல் வரிசை. மேடம் தனியாக வந்திருந்தார், பையன்கள் இல்லை, தராசு இல்லை. மைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"கணக்கு தப்பாயிடுச்சு. ஒரு வருஷப் பரிசோதனையை வச்சுச் சொல்லியிருக்கக்கூடாது, இன்னொரு வருஷம் பாத்திருக்கணும். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, இருந்தும் கையெழுத்துப் போட்டேன். செந்தாமரை அக்காவுக்கு ஆன நஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து கேட்டேன்: "எங்க வயித்துலயா மேடம் உங்க ஆராய்ச்சி? உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம், எங்களுக்கு?" கூட்டம் கை தட்டியது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டவனைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பது, அதனால் இருக்கும்.

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். முதல் கையெழுத்து நான். இப்போது நிலையத்தில் விசாரணை. மேடத்தின் மேல் நடவடிக்கை வரும் என்கிறார்கள். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர்தானாம், புதுப்பிக்க மாட்டார்கள். திட்டத்தையும் மூடிவிடுவார்கள். இனிமேல் எங்கள் ஊருக்கு யாரும் தராசு எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். சேர்ந்து என்று சொன்னார்களே, அந்த வார்த்தையை நம்பி நிலம் கொடுத்தவன் நான். எனக்கு என்ன மிஞ்சியது? ஒரு வெளிறின பலகை.

செந்தாமரைக்கு நான்தான் வேலை கொடுத்தேன். நடவுக்கும் களைக்கும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவேன். ஊரில் வேறு யார் கூப்பிட்டார்கள்? பச்சைக் கட்டம் போட்ட சட்டை என்று சொன்னேனே, அவள்தான். புருஷன் சட்டை.

இப்போது தாளைக் காட்டுகிறேன். நடுவில் இருப்பதைப் படியுங்கள். 'உரமிடாத வயலில் சாகுபடிக் காலத்தில் யூரியா அல்லது வேறு உரம் ஏதேனும் இடப்பட்டதா?' பக்கத்தில் ரெண்டு கட்டம். முதலில் ஆம், அடுத்தது இல்லை. கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே குழு உறுப்பினர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. அந்த எழுத்தைப் பாருங்கள், மணி மணியாக.

காலையில் பஸ்ஸுக்கு வரும்போது வயலுக்குப் போய் செந்தாமரையிடம் நீட்டினேன். அவள் வாங்குகிற எதையும் படிக்காமல் விடமாட்டாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழே வரைக்கும் படித்தாள். கட்டம் ரெண்டும் காலியாக இருப்பதைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தது அந்தச் சும்மா வயலில்தான்.

"அண்ணே, போட்டீங்களா?"

ரெண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எப்படி இருக்கும் சார்?

"உனக்குக்கூடவா தாமரை சந்தேகம்?"

"சந்தேகம் இல்லண்ணே. அன்னிக்கு மேடத்துக்கிட்ட உங்களுக்காக நான்தானே சொன்னேன். அதான், ஒரு தடவை கேட்டுக்கிட்டேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து களை பறிக்கப் போய்விட்டாள். மறுபடி நிமிரவில்லை. ஓரத்தில் சேற்றுக் கறை பட்டிருக்கிறது, அது அவள் கட்டைவிரல். அதற்காகத் தாளை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், இல்லையா?

ஒரு வாளியை உரம் என்று சொல்ல முடியுமா சார்? அவர்கள் கேட்டிருப்பது உரம். நாலு வாளி போட்டால் உரம். கண்ணுக்காகப் போட்டதற்கு இந்தத் தாளில் கட்டமே இல்லையே. நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை. படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான்.

பேனா இருக்கிறதா? கொடுங்கள். பஸ் ஆடுகிறது, இருந்தால் என்ன, ஒரு கோடுதானே. இதோ. ரெண்டாவது கட்டம். சரியாக நடுவில் விழுந்துவிட்டது பாருங்கள்.

சாயங்காலம் இதே வழியில்தானே திரும்புவீர்கள்? இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். போனைக் கொஞ்ச நேரம் பையில் வைத்துவிடுங்கள். மூன்று மாவும் ஒரே பச்சையாக இருக்கும்.